பழைய டிராக்டருக்குச் சைலன்சர் மாற்றப் போகிறீர்களா? வெல்டிங்கா, கடைச் சரக்கா, ஒரிஜினலா என்று முடிவு செய்யும் முன் ஒரு நிமிடம்

"சார், சைலன்சர் கழுத்துகிட்ட விரிஞ்சு போச்சு. வெல்டிங் வச்சா தாங்குமா, இல்ல புதுசாவே போட்டுரலாமா? பட்டறைக்காரர் வெறும் பைப்பு வச்சுத் தர்றேன், அதுதான் மலிவுன்னு சொல்றாரு."

சம்பா அறுவடை முடிந்து கோடை உழவு தொடங்கும் நாட்களில் இப்படிப்பட்ட போன் எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடம் உழைத்த 35 எச்.பி. டிராக்டர். கடன் எப்போதோ அடைந்திருக்கும். வண்டியில் இனி பெரிய தொகை போட மனம் வராது. விற்கவும் மனம் வராது. என் படிப்பு உழவியல்தான், இயந்திரம் அல்ல. ஆனாலும் விரிவாக்கப் பணியில் இருப்பவரிடம் நெல் புகையானும் டிராக்டர் புகையும் ஒரே போனில் வந்து சேரும். எங்கள் பண்ணைப் பொறியியல் நண்பர்களிடமும் அனுபவப்பட்ட மெக்கானிக்குகளிடமும் கேட்டதையும், எங்கள் பண்ணை டிராக்டரில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெல்டிங்கா புதுசா என்பது இரண்டாவது கேள்வி. எது போயிருக்கிறது, ஏன் போனது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் வாங்கும் புதுச் சைலன்சர் அடுத்த வருடமே அதே இடத்தில் விரியும்.

எது போயிருக்கிறது?

நாம் 'சைலன்சர்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் பல பாகங்கள் உண்டு. இன்ஜின் தலையில் பொருந்தியிருக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, அதற்கும் தலைக்கும் நடுவே உள்ள கேஸ்கட், மேனிஃபோல்டில் சைலன்சரைப் பிடித்திருக்கும் பிளாஞ்சும் அதன் போல்ட்டுகளும், கழுத்துக் குழாய், உருளை வடிவப் பெட்டி, மேலே போகும் வால் குழாய். பெட்டியில் ஓட்டை விழுந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கேஸ்கட் போனால் அவ்வளவு எளிதில் தெரியாது. சத்தம் மட்டும் மாறும். பாரம் இழுக்கும்போது 'டிக் டிக்' என்று ஒரு தட்டல் கேட்கும். இன்ஜின் சூடேறியதும் இரும்பு விரிந்து அந்தச் சத்தம் குறைந்துவிடும். பலர் இதை வால்வு சத்தம் என்று நினைத்து டேப்பட் வைக்கப் போய்விடுகிறார்கள்.

காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து மேனிஃபோல்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் விசிறி போலக் கரி படிந்திருக்கும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, மெதுவான ஓட்டத்தில் விட்டு, ஒரு ஊதுபத்தியை இணைப்புகளின் அருகே கொண்டுபோங்கள். கசிவு இருக்கும் இடத்தில் அதன் புகை கலைந்து சிதறும். ரேடியேட்டர் ஃபேன் காற்று அங்கே படாமல் ஒரு அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். வேட்டியோ துண்டோ ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் குழாயில் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இந்தச் சோதனை.

கேஸ்கட் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் செலவு மிகக் குறைவு. சைலன்சரைத் தொடவே வேண்டாம். ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். முழுப் பாரத்தில் ஓடும் டீசல் இன்ஜினில் இருந்து வெளிவரும் புகையின் வெப்பம் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். டீசல் தானாகவே தீப்பற்றும் வெப்பநிலை 250 டிகிரியை ஒட்டியது. கேஸ்கட் ஓட்டை வழியாகப் பீறிடும் அந்தச் சூடு, பக்கத்தில் போகும் டீசல் ரிட்டர்ன் டியூப்பிலோ வயரிலோ படும்படி அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய டிராக்டர்களில் இந்த டியூப்புகள் ஏற்கெனவே இறுகி வெடித்துத்தான் இருக்கும்.

ஏன் போனது?

பழைய சைலன்சரைக் கழற்றியதும் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடாமல் ஒரு சாக்கில் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். அது எப்படி ஓடியது என்ற கதை அதற்குள்ளேயே இருக்கிறது.

துருச் செதில்கள் கொட்டினால் உள்ளிருந்து அரித்திருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த ஆவி வெளியே போய்விடும். மோட்டார் கொட்டகை வரைக்கும், கடைத்தெரு வரைக்கும் என்று பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அது குளிர்ந்து சைலன்சரின் அடியில் தண்ணீராகத் தேங்கும். முன்பெல்லாம் டீசலில் கந்தகம் அதிகம். அது தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி இரும்பைத் தின்றது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். எனவே அமில அரிப்பு குறைந்திருக்கிறது. தண்ணீரால் வரும் துரு அப்படியேதான் இருக்கிறது. சில சைலன்சர்களின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிய ஊசித் துளை ஒன்று வைத்திருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைக்காதீர்கள்.

உலர்ந்த கறுப்புக் கரி நிறைய கொட்டினால் இன்ஜின் டீசலைச் சரியாக எரிக்கவில்லை. ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கரி பிசுபிசுப்பாக, எண்ணெய் ஊறியதுபோல் இருந்தால் நிலைமை வேறு. ரிங், லைனர் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது, அல்லது வண்டி நீண்ட நேரம் பாரமே இல்லாமல் ஓடியிருக்கிறது. ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு விலை உயர்ந்த சைலன்சர் போடுவது, ஒழுகும் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பது போல. அந்தப் பணத்தை இன்ஜின் வேலைக்கு எடுத்து வையுங்கள். அதுவரை ஒட்டுப் போட்டு ஓட்டலாம்.

துருவும் இல்லை, கரியும் இல்லை, கழுத்து மட்டும் சுற்றி விரிந்திருக்கிறது என்றால் காரணம் அதிர்வு. இதை நம் ஊரில் நாமே வரவழைத்துக்கொள்கிறோம். புகை முகத்தில் அடிக்கிறது என்று வால் குழாயை இரண்டு அடி நீட்டி வெல்டிங் வைப்பார்கள். நுனியில் எடை ஏற ஏற, குலுங்கும்போது அடிக்கழுத்து அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. குழாயை நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு ஸ்டே கம்பி கொடுங்கள். அதை இன்ஜினோடு பிடிக்க வேண்டும், பானெட் தகட்டோடு பிடிக்கக் கூடாது. பானெட் ஒரு பக்கம் ஆடும், இன்ஜின் ஒரு பக்கம் ஆடும். நடுவில் சைலன்சர் மாட்டிக்கொள்ளும்.

வெறும் பைப் வேண்டாம்

சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர் பைப் வைத்தால் 'இழுவை கூடும்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கரி அடைத்த சைலன்சரைக் கழற்றியதும் வண்டி உண்மையிலேயே துள்ளிக்கொண்டு போகும். அடைப்பு நீங்கியதால் கிடைத்த பலன் அது. நல்ல நிலையில் உள்ள புதுச் சைலன்சரை மாட்டினாலும் அதே பலன் கிடைத்திருக்கும். 35 எச்.பி. டிராக்டரில் நல்ல சைலன்சருக்கும் வெறும் பைப்புக்கும் உள்ள இழுவை வித்தியாசம், ரொட்டவேட்டர் போட்டு ஓட்டுபவர் கையில் உணரும் அளவுக்கு இருக்காது. 'டீசல் வண்டிக்குக் கொஞ்சம் அடைப்பு இருந்தால்தான் நல்லது' என்று எதிர்ப்பக்கமும் ஒரு பேச்சு உண்டு. அதற்கும் ஆதாரம் இல்லை.

கூடுவது சத்தம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபல் வரை காது தாங்கும் என்பது தொழில்நலத் துறையில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. கேபின் இல்லாத நம் டிராக்டர்களில் சைலன்சர் ஒழுங்காக இருக்கும்போதே ஓட்டுபவர் காதருகே 90-ஐத் தாண்டும். வெறும் பைப் வைத்தால் 100-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். 100 டெசிபலுக்கு அந்தக் கணக்குப்படி கிடைக்கும் நேரம் கால் மணிதான். நாம் ஓட்டுவது பத்து மணி நேரம்.

எங்கள் பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர் முதல் வரிசையில்தான் உட்காருவார். வகுப்பில் அக்கறை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவருடைய மருமகள் வந்தபோதுதான் சொன்னார்: "பின்னாடி உக்காந்தா மாமாவுக்குக் கேக்காது சார். பேரப்புள்ள கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க, அது கோவிச்சுக்கும்." பன்னிரண்டு வருடம் வாடகை உழவு, அதில் பெரும்பகுதி வெறும் பைப் வைத்த வண்டியில். இப்படிப் போன காது திரும்பாது. மருந்தும் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக்கைச் சரியாகச் சுருட்டி உள்ளே வைத்தால் நல்ல பயன் உண்டு. நல்ல சைலன்சர் இருந்தாலும் ரொட்டவேட்டர் ஓட்டும் நாட்களில் இதைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் காதைக் கெடுக்கும் அளவில் இருக்கிறது என்று பொருள். மீட்டர் எதுவும் தேவையில்லை.

சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-ஆம் விதி, சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. விவசாய டிராக்டரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சத்தம், புகை விதிகளை மீறி பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கரும்பு, நெல் ஏற்றி டிரெய்லருடன் ரோட்டில் போகும் வண்டிக்கு இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல.

வெல்டிங் எப்போது போதும்?

பெட்டியில் ஒரு இடத்தில் மட்டும் ஓட்டை, மற்ற இடத்தில் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் 'டங்' என்று கெட்டியாக ஒலிக்கிறது என்றால் தாராளமாக ஒட்டு வைக்கலாம். தட்டும் இடமெல்லாம் 'பொத் பொத்' என்றால் தகடு காகிதமாகிவிட்டது. அதில் வெல்டிங் பிடிக்காது. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் மூன்று ஓட்டை விழும். ஆட்டிப் பார்க்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் உள் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. அது என்றைக்காவது திரும்பி வழியை அடைக்கும். அதையும் மாற்றிவிடுங்கள்.

கழுத்து விரிசலுக்கு மேலே வெல்டிங் மட்டும் வைத்தால் போதாது. விரிசலைச் சுற்றி ஒரு பட்டை வளையம் வைத்து இரண்டு பக்கமும் பற்ற வைக்கச் சொல்லுங்கள். தகடு 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. பட்டறையில் கையில் கிடைத்தது என்று ஜி.ஐ. பைப்பை எடுப்பார்கள், விடாதீர்கள். அதன் மேல்பூச்சு துத்தநாகம். 420 டிகிரியில் உருகும். வெல்டிங் வைப்பவர் அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் கண்டுபடுத்துவார். வண்டியில் மாட்டிய பிறகும் கழுத்துப் பகுதியின் சூட்டில் அந்தப் பூச்சு தங்காது. சாதாரண கறுப்பு இரும்புக் குழாயே போதும். குழாயின் உள் விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது என்பதை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்டில் விரிசல் என்றால் அது வேறு கதை. அது வார்ப்பிரும்பு. கேட் வெல்டிங் கம்பியால் சாதாரணமாகப் பற்ற வைத்தால் ஆறும்போதே பக்கத்தில் அடுத்த விரிசல் ஓடும். முன்னதாகச் சூடேற்றி, நிக்கல் கம்பி வைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் இருந்து நல்ல மேனிஃபோல்டு ஒன்றைத் தேடுவது மேல்.

எந்த வெல்டிங் ஆனாலும் சைலன்சரை வண்டியில் இருந்து கழற்றித்தான் செய்ய வேண்டும். டீசல் டேங்க் எத்தனை அடியில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கழற்றவே முடியாத நிலைமை என்றால் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகவோ ஆல்டர்னேட்டர் வழியாகவோ பாயும்.

கடைச் சரக்கா, ஒரிஜினலா?

இதில் ஒரே விடை கிடையாது. இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், அது என்ன வேலை செய்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது.

கணக்குக்காகக் கடைச் சரக்கு 1,500 ரூபாய், ஒரிஜினல் 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கடைச் சரக்கு இரண்டு வருடமும் ஒரிஜினல் ஆறு வருடமும் வந்தால் வருடத்துக்கு 750-க்கு எதிராக 600 ரூபாய்க்குள். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போல்ட்டைக் கழற்ற வேண்டும், அதுவும் சீசனில். அடுத்த ஆனிக்குள் வண்டியை விற்கப் போகிறவர் ஒரிஜினல் தேட வேண்டாம். பத்து வருடம் வைத்திருப்பேன் என்பவர் கடைச் சரக்கை வாங்கினால் மலிவு அல்ல.

கடைச் சரக்கு எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். கையில் தூக்கிப் பாருங்கள். பழையதை விடக் கணிசமாக எடை குறைவாக இருந்தால் தகட்டில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பெட்டியின் மூட்டு முழுச் சுற்றும் பற்ற வைத்திருக்கிறதா, அங்கங்கே புள்ளி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தடுப்போ துளைக் குழாயோ தெரிய வேண்டும். இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் அப்படியே தெரிந்து, சுற்றிலும் ஒன்றுமே இல்லாவிட்டால் அது சைலன்சர் வடிவத்தில் செய்த வெறும் பைப். பிளாஞ்சின் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் கேஸ்கட் எத்தனை மாற்றினாலும் கசியும்.

எச்.எம்.டி. போல உற்பத்தியே நின்றுபோன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரிஜினல் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. கடையில் கிடைக்கும் வேறு மாடல் சைலன்சரைத்தான் பொருத்த வேண்டியிருக்கும். பழைய பிளாஞ்சை ஒரு தாளில் வைத்து, அதன் முகத்தில் கரி தடவி அச்சு எடுத்துக்கொண்டு போங்கள். துளை எத்தனை, இடைவெளி எவ்வளவு, உள் விட்டம் எவ்வளவு என்பது அதிலேயே இருக்கும். அதே எச்.பி. அளவுள்ள அல்லது கொஞ்சம் கூடுதல் எச்.பி. உள்ள வண்டியின் சைலன்சரைத் தேர்ந்தெடுங்கள். சிறிய இன்ஜினுக்குச் செய்ததைப் பெரிய இன்ஜினில் மாட்டினால் மூச்சு முட்டும். கறுப்புப் புகையும் சூடும் கூடும். பழைய பிளாஞ்சு நன்றாக இருந்தால் அதை அறுத்துப் புதுக் கழுத்தில் பற்ற வைப்பதும் நல்ல வழிதான்.

ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் பழைய வகை டிராக்டருக்கு. 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 என்ற புகை விதி வந்துவிட்டது. அவற்றின் புகைப்பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் பாகங்களும் சென்சார்களும் இருக்கும். அதில் லோக்கல் பட்டறைக்காரர் கைவைக்கக் கூடாது.

வைக்கோலிலும் தோப்பிலும் ஓடும் வண்டி

டெல்டாவில் அறுவடைக்குப் பிறகு பழைய டிராக்டர்களில் பலவும் வைக்கோல் கட்டும் மெஷினை இழுக்கின்றன. உங்கள் வண்டி இந்த வேலைக்குப் போகிறது என்றால் ஒட்டு வேலையோடு நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. மெதுவான ஓட்டத்தில் நிற்கும்போது குழாய்க்குள் கரி படிகிறது. திடீரென்று ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் அது பெயர்ந்து, சில சமயம் கனிந்தபடியே வெளியே பறக்கிறது. உள் தடுப்புள்ள சைலன்சர் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். வெறும் பைப் அப்படியே வயலில் துப்பும். வைக்கோல் வயலில் இறங்கும் முன் வெறும் தரையிலோ ரோட்டோரத்திலோ ஐந்து நிமிடம் நல்ல வேகத்தில் ஓடவிட்டுக் கரியைத் தட்டிவிடுங்கள். மேனிஃபோல்டின் மேல் சேரும் வைக்கோல் தூசியைப் பகலில் இரண்டு தடவையாவது துடைப்பத்தால் தள்ளுங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டு. முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி வண்டியிலேயே வைத்திருங்கள். காய்ந்த வயலில் முதல் ஒரு நிமிடம்தான் உங்களுடையது. இன்ஜின் பக்கம் பற்றினால் தண்ணீர் உதவாது. அதற்குச் சிறிய ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் வேண்டும்.

தென்னந்தோப்புக்காரர்களுக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நண்பர் காட்டினார்: பானெட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் பன்னாடை ஒன்று விழுந்து கருகிப் போய்க் கிடந்தது. உழவு மும்முரத்தில் அவர் கவனிக்கவே இல்லை. தோப்பு வண்டிக்குச் சைலன்சரைச் சுற்றி துளைத் தகட்டுக் கவசம் ஒன்று போட்டால் பன்னாடையும் ஒட்டாது, கையும் சுடாது. வால் குழாயை உயர்த்தினால் மட்டையில் இடிக்கும். கீழ்ப்பக்கம் திருப்பி விட்டால் காய்ந்த புல்லைப் பார்த்து ஊதும். தோப்பு வேலைக்கு வால் குழாய் குட்டையாக, மேல் நோக்கி, நுனி பக்கவாட்டில் வளைந்து இருப்பதே நல்லது. நுனி வளைந்திருந்தால் மழையும் உள்ளே இறங்காது.

மழையை லேசாக எண்ணாதீர்கள். நேராக நிற்கும் குழாயில் ஒரு இரவு மழை இறங்கினால், புகை வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடும். மறுநாள் செல்ஃப் அடித்தால் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். குழாயின் மேல் கொட்டாங்குச்சி கவிழ்க்கும் நம் ஊர் வழக்கம் அசட்டுத்தனமானது அல்ல. புதுச் சைலன்சர் வாங்கும்போது தட்டு மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மூடி இருந்தால் குளவியும் அணிலும் கூடு கட்ட முடியாது.

கழற்றும்போது உடையும் ஸ்டட்டு

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். எங்கள் பண்ணை டிராக்டரில் மேனிஃபோல்டு கேஸ்கட் போய்விட்டது. நடவுக்கு நாள் நெருங்குகிறது, மெக்கானிக் வருவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார். காத்திருக்காமல் நாங்களே கழற்றினோம். நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி எட்டிப் பிடித்து இழுத்தோம். ஸ்டட்டு தலையோடு ஒட்ட முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளையிட்டு எடுக்க இன்ஜின் தலையையே இறக்க வேண்டியதாயிற்று. கேஸ்கட்டின் விலையைப் போலப் பல மடங்கு செலவு, சேற்றுழவுக்கு வாடகை வண்டி. அவசரப்படச் சொன்னவன் நான்தான்.

கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துரு இளக்கும் ஸ்பிரேயை, இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும், நட்டுகளில் அடித்து ஊறவிடுங்கள். நடுவே வண்டியை வழக்கம்போல் ஓட்டினால் சூடாகி ஆறும்போது பிடி தளரும். ஆனால் ஸ்பிரே அடித்த உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நட்டு கொஞ்சம் அசைந்ததும் ஒரே மூச்சில் திருகாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். முழுக்க இறுகிப்போன நட்டை உளியால் பிளந்து எடுப்பது ஸ்டட்டை முறிப்பதைவிட நூறு மடங்கு மேல். பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தியே சுரண்டுங்கள். பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மாட்டும்போது இரும்பு நட்டுக்குப் பதிலாகப் பித்தளை நட்டு கேட்டு வாங்குங்கள். அது ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒன்றாகாது. அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். ஒரு ஓரத்தை முதலில் முழுக்க இறுக்கினால் வார்ப்பிரும்புக் காது உடையும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில் இருக்கட்டும். புதுச் சைலன்சரின் பெயின்ட்டும் எண்ணெயும் எரிந்து சிறிது நேரம் புகையும், அது சகஜம். மூடிய கொட்டகைக்குள் எந்த இன்ஜினையும் ஓடவிட்டு வேலை பார்க்காதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஒரு நாள் முழுக்க உழுது, இரவு ஆறவிட்டு, மறுநாள் காலையில் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள். அப்போது ஊதுபத்தியை இன்னொரு முறை காட்டிப் பாருங்கள்.